வெள்ளத்துக்கு நடுவே வந்த கோப்பை

2006 உலகக் கோப்பையில் செக் அணிக்கு எதிரான இத்தாலியின் ஆட்டம். நெஸ்டா காயம்பட்டு வெளியேற, மாற்று ஆளாக இறங்கிய மார்கோ மாத்தெராத்சி கொஞ்ச நேரத்திலேயே தலையால் முட்டி கோல் போட்டார். ஊர் நினைவில் நிற்பதோ இறுதி ஆட்டத்தில் பிரான்ஸின் ஜிடானிடம் வாங்கிய முட்டு! அதே ஆட்டத்தில் இத்தாலியின் ஒரே கோலைப் போட்டதும் இவர்தான்.

2014-ல் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) தொடங்கியபோது சென்னையின் எஃப்.சி. இவரைப் பிடித்தது. பயிற்சியாளராக அதுதான் அவருக்கு முதல் வேலை. அந்த ஆண்டு தானும் இறங்கி ஆடினார். அதற்கு முன்பும் சென்னையின் வியாசர்பாடிச் சந்துகளில் பந்து உருண்டுகொண்டேதான் இருந்தது. நகரத்துக்கென்று பெரிய அணிதான் இல்லாமல் இருந்தது. முதல் ஆண்டு அரையிறுதியில் கேரள அணியிடம், அதுவும் கூடுதல் நேரம் முடியும் தறுவாயில், ஆட்டம் போயிற்று.

2015-ன் தொடக்கம் இன்னும் மோசம். பத்து ஆட்டம் முடிந்தபோது அணி பட்டியலின் அடியில் கிடந்தது. பிறகு வரிசையாக நான்கு வெற்றி, மூன்றாம் இடம். மாத்தெராத்சியின் தந்திரமா, கொலம்பியாக்காரர் மெண்டோசாவின் வேகமா என்று கேட்டால் என் ஓட்டு மெண்டோசாவுக்கே. அந்த ஆண்டு 13 கோல், தங்கக் காலணி அவருக்கு.

அதற்குள் டிசம்பர் மழையில் சென்னை மூழ்கியது. சொந்த ஊரில் ஆட வேண்டிய அரையிறுதி புனேவுக்குப் போனது. அங்கே கொல்கத்தாவை 3-0 என்று முடித்துவிட்டு, மறு ஆட்டத்தில் 1-2 என்று தோற்றும் தப்பித்தார்கள்.

டிசம்பர் 20, கோவாவின் ஃபடோர்டா மைதானம், இறுதி ஆட்டம். எதிரணி கோவா, அதன் பயிற்சியாளர் பிரேசில்காரர் ஜிகோ. சென்னை வீரர் பெலிசாரியின் பெனால்டியைக் கோவா கோல்கீப்பர் கட்டிமணி தடுத்தார். திரும்பி வந்த பந்தைப் பெலிசாரியே உள்ளே தள்ளினார். கோவாவின் ஹாவ்கிப் சமன் செய்தார். அடுத்து மெண்டோசாவின் பெனால்டியையும் கட்டிமணி பிடுங்கிவிட்டார். 87-வது நிமிடம் ஜோஃப்ரே அடிக்க, கோவா 2-1. மைதானமே கொண்டாடத் தொடங்கியது. 90-வது நிமிடத்தில் அதே கட்டிமணியின் மேல் பட்டுப் பந்து சொந்த வலைக்குள் போனது. பாவம் மனுஷன், இரண்டு பெனால்டியைத் தடுத்தவர்! கூடுதலாகக் கொடுத்த நிமிடங்களில் மெண்டோசா மூன்றாவதை அடித்தார்.

அடுத்த ஆண்டு எட்டு அணிகளில் ஏழாம் இடம். 2017 மார்ச்சில் மாத்தெராத்சி விடைபெற்றார். 2018-ல் ஜான் கிரிகரியின் பயிற்சியில் இரண்டாவது கோப்பை வந்தது. பெங்களூருவை அவர்கள் ஊரிலேயே, அதுவும் 3-2 என்று.