ஆயிரம் மைலுக்கு ஒரு தடவை

கார் வைத்திருப்போர் எல்லோரும் என்றோ ஒருநாள் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. என்ஜின் ஒயிலை எத்தனை கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்? எமது கராஜ்களில் 5,000 என்ற விடை எப்போதும் தயாராக இருக்கும். அமெரிக்காவில் நெடுங்காலமாக 3,000 மைல் என்பதே வேதவாக்கு. கார் உற்பத்தியாளர்கள் இன்று தரும் கையேடுகளோ பெரும்பாலும் இவற்றைவிடப் பெரிய எண்களையே சொல்கின்றன. இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. கேட்கப் புகுந்தால், உலகின் மிகச் சிறந்த ஸ்போர்ட்ஸ் கார்களுள் ஒன்று எமக்கு நல்ல பாடம் சொல்லக் காத்திருக்கிறது.

மோட்டார் யுகத்தின் விடியலில் எண்ணெயை மாற்றுவது என்ற பேச்சுக்கே இடமிருக்கவில்லை. சொட்டுச் சொட்டாக இயந்திரத்துக்குள் விடப்பட்ட எண்ணெய் தன் கடமையை முடித்து, எரிந்தோ ஒழுகியோ வெளியேறிவிடும். முதலாம் உலகப் போரில் பறந்த சுழல் இயந்திர விமானங்களிலும் இதுவே வழக்கம். அவற்றுக்கு ஊற்றப்பட்டது ஆமணக்கெண்ணெய். எங்கள் பாட்டிமார் பிள்ளைகளின் மூக்கைப் பிடித்துக்கொண்டு பேதிக்குக் கொடுத்த அதே எண்ணெய்தான். அது பெற்றோலில் எளிதில் கரைவதில்லை. கடும் வெப்பத்திலும் வழுவழுப்பை விடுவதில்லை. 1909 ஆம் ஆண்டில் சார்ள்ஸ் வேக்ஃபீல்டின் பிரித்தானிய நிறுவனம் தன் புதிய எண்ணெய்க்குச் சூட்டிய 'காஸ்ட்ரோல்' என்ற பெயரும் ஆமணக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்து பிறந்ததே. ஆனால் ஆமணக்கெண்ணெய் சூட்டில் கிடந்தால் பிசினாக இறுகிவிடும். ஆகவே பந்தயக் கார்களின் இயந்திரங்களை அடிக்கடி கழற்றித் துப்புரவு செய்யவேண்டியிருந்தது.

எண்ணெய் இயந்திரத்தின் அடித்தொட்டியில் தங்கிச் சுற்றிவரத் தொடங்கிய பின்னரே அதை மாற்றும் கணக்கும் வந்தது. 1908 இல் வெளிவந்த ஃபோர்ட் 'மொடல் ரி' காரின் கையேடு, 750 மைலுக்கு ஒருமுறை அழுக்கு எண்ணெயை வடித்துவிடுமாறு உரிமையாளருக்கு அறிவுறுத்தியது. அந்தக் காரில் எண்ணெய் வடிகட்டி இல்லை, எண்ணெய்ப் பம்பியும் இல்லை. வீதிப் புழுதியும் கரியும் உலோகத் துகளும் சேர்ந்த எண்ணெயே மீண்டும் மீண்டும் இயந்திரத்தை நனைத்தது. 1923 இல் ஏர்னெஸ்ட் ஸ்வீட்லண்ட், ஜோர்ஜ் கிரீன்வூட் ஆகிய இரு அமெரிக்கர் எண்ணெய் வடிகட்டிக்குக் காப்புரிமை கோரினர். 1930 களில் அழுக்கைத் தாங்கிச் சுமக்கும் எண்ணெய்களும், 1940 களில் தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாகக் கலவைகளும் வந்தன. இனி மாற்றவேண்டிய தூரம் கூடிக்கொண்டே போகும் என்றுதான் எவரும் நினைத்திருப்பர்.

இந்த நிலையில்தான் 1954 பெப்ரவரியில் நியூயோர்க் மோட்டார் கண்காட்சியில் மேர்சிடஸ் பென்ஸ் 300 எஸ்.எல். கார் காட்சிக்கு வந்தது. 1952 இல் லு மான் 24 மணிநேரப் பந்தயத்தையும் மெக்சிக்கோவின் கரேரா பனமெரிக்கானா பந்தயத்தையும் வென்ற காரின் வழித்தோன்றல் அது. அதை வீதிக்கு ஏற்ற காராகச் செய்யும்படி நிறுவனத்தைத் தூண்டியவர் அமெரிக்க இறக்குமதியாளரான மக்ஸ் ஹொஃப்மன். பறவை சிறகு விரிப்பதுபோல் மேல்நோக்கித் திறக்கும் அதன் கதவுகளை உலகம் வியந்தது. உண்மையில் அக்கதவுகள் அழகுக்காக வைக்கப்பட்டவை அல்ல. உயரமான பக்கச் சட்டகத்தின் மேலாகக் கதவு வைக்க வேறு வழி இருக்கவில்லை.

கதவுகளைவிடப் பெரிய புதுமை உள்ளே இருந்தது. நான்கு வீச்சுப் பெற்றோல் இயந்திரம் கொண்ட உற்பத்திக் கார்களில், எரிபொருளை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் முறை முதன்முதலாக இதில்தான் புகுத்தப்பட்டது. ஜேர்மனியின் போர்க்கால விமான இயந்திரங்களில் தேறிய தொழில்நுட்பம் அது. அதே 3 லீற்றர் குடும்பத்து இயந்திரம், அதிபர் அடெனாவர் பயணித்த 300 ரகக் காரில் 115 குதிரைவலுவையே தந்தது. 300 எஸ்.எல். காரிலோ 215 குதிரைவலு கிடைத்தது.

ஆனால் இந்த வலுவுக்கு ஒரு விலை இருந்தது. எரிபொருளைப் பீய்ச்சும் பம்பி இயந்திரத்தோடு பிணைந்து சுழல்வது. சாரதி சாவியைத் திருப்பித் தீப்பொறியை நிறுத்தினாலும், இயந்திரம் முற்றாக ஓயும்வரை பம்பி பெற்றோலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். தீப்பொறி இல்லாததால் அந்தப் பெற்றோல் எரியாது. சிலிண்டர்ச் சுவரில் படர்ந்திருக்கும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழிறங்கி, எண்ணெயோடு கலந்துவிடும். குளிரில் இயக்கும்போது உதவவென்று வைத்த துணைப் பம்பியை அளவுக்கு மீறிப் பாவித்தாலும் இதே கதிதான். பெற்றோல் கலந்த எண்ணெய் நீர்த்துப்போகும். பெயாரிங்குகளுக்கு இடையே நின்று உலோகத்தை உலோகத்திலிருந்து பிரிக்கும் தடிப்பு அதற்கு இராது.

இங்கே ஒரு முரண் உண்டு. எண்ணெய் நன்றாகச் சூடேறினால் கலந்த பெற்றோல் ஆவியாகிப் போய்விடும். ஆனால் இந்தக் கார் பந்தயப் பரம்பரையில் பிறந்தது. எண்ணெயை இயந்திரத்தின் அடியில் வைக்காமல் தனித் தொட்டியில் வைக்கும் உலர் தொட்டி முறை, பெரியதொரு எண்ணெய்க் குளிர்விப்பான், பத்து லீற்றருக்குக் குறையாத எண்ணெய் ஆகிய யாவும் முழு வேகத்தில் மணிக்கணக்காக ஓடுவதற்காக அமைந்தவை. வாங்கியவர்களோ பெரும்பாலும் ஓட்டப்பந்தய வீரர்கள் அல்லர். விருந்துக்கும் விளையாட்டுக் கழகத்துக்கும் சில மைல் தூரம் போய்வந்த செல்வந்தர்களின் கைகளில் அவ்வளவு எண்ணெயும் ஒருபோதும் போதிய அளவு சூடேறவில்லை. பெற்றோல் அதிலேயே தங்கியது.

இதனால்தான் 300 எஸ்.எல். காருக்கு எண்ணெய் மாற்றும் இடைவெளி வெறும் 1,000 மைல் என விதிக்கப்பட்டது. அதாவது 1,600 கிலோமீற்றர். அரை நூற்றாண்டுக்கு முந்திய 'மொடல் ரி' காரின் 750 மைலிலிருந்து அது அதிகம் விலகவில்லை. விடயமறிந்த உரிமையாளர் பலர் குளிர்விப்பானுக்குக் காற்றுப் போகாமல் மறைப்பிட்டு ஓட்டினர். ஓடாமல் நிற்கும் கார் தேயாது என்ற நம்பிக்கையை இந்தக் கார் பொய்யாக்கியது. வேகமாகவும் நெடுந்தூரமும் ஓட்டியவரின் இயந்திரம் வாழ்ந்தது. செல்லப்பிள்ளைபோல் பொத்திப் பொத்தி வைத்தவரின் இயந்திரமோ உள்ளுக்குள் அரிக்கப்பட்டது. 1957 வரை அந்த மூடுகார்கள் 1,400 மட்டுமே உற்பத்தியாயின என்பதை நினைத்தால், ஒவ்வோர் இயந்திரத்தின் அழிவும் எத்தகைய இழப்பு என்பது புரியும்.

அதன்பின் எண்ணெய் வேகமாக முன்னேறியது. குளிரில் இறுகாமலும் சூட்டில் நீர்க்காமலும் நிற்கும் பன்முகத் தர எண்ணெய்கள் 1950 களில் பரவின. 1970 களில் 'மொபில் 1' போன்ற செயற்கை எண்ணெய்கள் கார்களுக்கென விற்பனைக்கு வந்தன. 1980 களின் இறுதியில் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம், ஓடிய விதத்தையும் வெப்பத்தையும் கணித்து எண்ணெயின் எஞ்சிய ஆயுளைச் சாரதிக்குச் சொல்லும் முறையைப் புகுத்தியது. 2011 இல் ஃபெராரி நிறுவனம் ஏழாண்டு இலவசப் பராமரிப்பை அறிவித்தபோது அதன் இடைவெளி 20,000 கிலோமீற்றர் அல்லது ஓராண்டு என்றிருந்தது. 1,600 இலிருந்து 20,000 வரையான இந்தப் பயணம் சாதாரணமானதல்ல. ஆனால் 'அல்லது ஓராண்டு' என்ற இரு சொற்களையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். நின்றுகொண்டிருக்கும் காரின் எண்ணெயிலும் ஈரமும் அமிலமும் சேரும் என்ற பழைய பாடம் அந்த இரு சொற்களில் அடங்கியிருக்கிறது.

பழைய நோயும் முற்றாக ஒழிந்துவிடவில்லை. எரிபொருளை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் முறை, சிக்கனத்தின் பெயரால் இந்த நூற்றாண்டில் சாதாரணக் கார்களுக்கும் வந்து சேர்ந்தது. 2018 இல் சீனாவின் குளிர்ப் பிரதேசங்களில், 1.5 லீற்றர் ரேர்போ இயந்திரம் பூட்டிய ஹொண்டா சி.ஆர்.வி. கார்களில் பெற்றோல் கலந்து எண்ணெயின் மட்டம் உயர்வதாக முறைப்பாடுகள் எழுந்தன. அங்கு அதன் விற்பனையை நிறுத்திவைக்கும் நிலைகூட ஏற்பட்டது. குறுந்தூர ஓட்டம், குளிர்ந்த எண்ணெய், எரியாத பெற்றோல் என 1954 இன் அதே மூன்று காரணிகள் அறுபத்து நான்கு ஆண்டுகளின் பின்னர் மீண்டும் ஒன்றுகூடின.

எனவே ஸ்போர்ட்ஸ் காரின் எண்ணெயை எப்போது மாற்றுவது என்று கேட்பவருக்கு ஓர் எண்ணை மட்டும் சொல்லிவிட முடியாது. கையேட்டில் உள்ள தூரத்தைத் தாண்டக்கூடாது. அந்தத் தூரம் ஓடாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். பந்தயத் தடத்தில் ஓட்டினாலும், தினமும் இரண்டு மூன்று கிலோமீற்றர் மட்டுமே ஓட்டினாலும் அதற்கு முன்பே மாற்றவேண்டும். அளவுகோலில் எண்ணெய் மட்டம் குறைந்தால் கவலைப்படும் நாம், அது கூடினாலும் கவலைப்பட வேண்டும். எண்ணெயில் பெற்றோல் வாடை அடித்தால் கிலோமீற்றர்க் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

3,000, 5,000 என்ற எண்கள் ஒவ்வொன்றும் ஒரு காலத்து இயந்திரத்துக்கும் எண்ணெய்க்கும் வீதிக்கும் சொன்ன விடைகள். காரணங்கள் மறைந்த பின்னரும் எண்கள் மட்டும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துகொண்டிருக்கின்றன. 300 எஸ்.எல். காரின் ஆயிரம் மைலுக்குக் காரணம் இருந்தது. அதைப் புரிந்துகொண்ட உரிமையாளரே தம் காரைக் காப்பாற்றினார்.