பொன்னகரும் பானை ஓடும்



சென்ற கோடை விடுமுறையின்போது என் மகள் வயிற்றுப் பேரன், ஐந்தாம் வகுப்பு முடித்த சிறுவன், முகையூரில் உள்ள எங்கள் இல்லத்தில் வந்து தங்கியிருந்தான். எங்கள் ஊர் வெயிலைப் பற்றி விழுப்புரம் வட்டாரத்தார்க்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. நண்பகலில் வெளியே தலை காட்ட முடியாது. ஆகவே அவன் திண்ணையில் அமர்ந்து தன் தாயின் கைப்பேசியில் ஒரு சித்திரத் தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் முதலில் கையிலிருந்த புத்தகத்தின் விளிம்பு வழியே பார்த்தேன். பிறகு புத்தகத்தை மூடிவைத்துவிட்டே பார்த்தேன்.

அது 1982, 1983-ஆம் ஆண்டுகளில் ஜப்பானியரும் பிரெஞ்சுக்காரரும் கூடி உருவாக்கிய தொடர். முப்பத்தொன்பது பகுதிகள் கொண்டது. தங்க நகரங்களின் மர்மம் என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். கதை பதினாறாம் நூற்றாண்டில் தொடங்குகிறது. எஸ்தபான் என்னும் சிறுவனும், இன்கா குலத்துச் சிறுமி சியாவும், தாவோ என்னும் மற்றொரு சிறுவனும் கடல் கடந்து, காடு கடந்து, மலை கடந்து, பொன்னாலான ஏழு நகரங்களைத் தேடிச் செல்கிறார்கள். கதிரவன் ஒளியால் பறக்கும் பொற்பறவை ஒன்றும் அவர்களுக்குத் துணையாகக் கிடைக்கிறது. பிள்ளைகளின் உள்ளத்தைக் கொள்ளை கொள்ள இதனினும் வேறு என்ன வேண்டும்?

ஒரு பகுதி முடிந்ததும் பேரன் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "தாத்தா, நம் ஊர்ப் பக்கத்தில் இப்படி மறைந்துபோன நகரம் ஏதாவது உண்டா?" என்று கேட்டான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்று பிள்ளைகளின் வினாக்களுக்கு விடை சொல்லிப் பழகியவன் நான். எனினும் அந்த வினாவுக்கு உடனே விடை சொல்ல முடியவில்லை. அன்று சொல்லத் தொடங்கிய விடையையே இன்று உங்கள் முன்னும் வைக்கிறேன்.

முதலில் அந்தச் சித்திரக் கதையின் பின்னால் நிற்கும் வரலாற்றைச் சொல்ல வேண்டும். ஏழு பொன்னகரங்கள் மேற்றிசையில் உள்ளன என்ற நம்பிக்கை ஸ்பானிய மக்களிடையே நெடுங்காலம் வழங்கி வந்தது. மூர்களின் படையெடுப்புக்கு அஞ்சி ஏழு மேற்றிராணிமார் கடல் கடந்து சென்று ஏழு நகரங்களை நிறுவினர் என்பது பழங்கதை. அமெரிக்கக் கண்டம் அறியப்பட்டபின் அக்கதை அங்கே குடியேறிற்று. 1539-இல் மார்க்கோஸ் என்னும் துறவி, வட திசையில் சிபோலா என்னும் பெருநகரைத் தொலைவிலிருந்து கண்டதாக வந்து உரைத்தார். மறு ஆண்டே கொரோனாடோ என்பவர் முந்நூற்றுக்கு மேற்பட்ட ஸ்பானிய வீரரோடும், பல நூற்றுவரான நாட்டு மக்களோடும் புறப்பட்டார். பாலை கடந்து, பசியால் மெலிந்து, 1540 ஜூலையில் அவர்கள் சிபோலாவை அடைந்தபோது கண்டது என்ன? கல்லாலும் மண்ணாலும் கட்டிய வீடுகள் நிறைந்த சூனி மக்களின் ஊர். அங்கே சோளமும் அவரையும் இருந்தன. பொன் ஒரு துளியும் இல்லை. மேலும் இரண்டு ஆண்டுகள் அலைந்து, வெறுங்கையராய்த் திரும்பினர்.

நேயர்களே, அவர்கள் உண்மையில் ஒன்றும் காணவில்லையா? பல தலைமுறைகளாகத் தமக்கென ஒரு வாழ்வு அமைத்துக்கொண்ட ஒரு மக்களின் நகரை அவர்கள் கண்டார்கள். ஆனால் பொன்னை எதிர்பார்த்த கண்ணுக்கு மண் மண்ணாகவே தோன்றியது. இதை நினைவில் வைத்துக்கொண்டு நம் நாட்டுக்கு வருவோம்.

நம் இலக்கியங்களிலும் மறைந்த நகரங்கள் பல உண்டு. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டது என்று மணிமேகலை கூறுகிறது. எங்கள் வட்டாரத்திற்கே உரிய நூல் ஒன்று உண்டு. அது பத்துப்பாட்டுள் ஒன்றான சிறுபாணாற்றுப்படை. ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடிய அந்நூல், பாணர் செல்லும் வழியில் எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், கிடங்கில் ஆகிய ஊர்களைக் காட்டுகிறது. கிடங்கில் இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதியாகிய கிடங்கலாக வழங்குகிறது. எயிற்பட்டினம் மரக்காணத்துக் கரையில் இருந்தது என்பர் ஆராய்ச்சியாளர். அங்கே இன்று நாம் காண்பவை உப்பளங்கள்.

கிறித்துவுக்குப் பின் முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க வணிகர் செங்கடல் முதல் இந்தியக் கரை வரையுள்ள துறைமுகங்களைக் குறித்து ஒரு கடல்வழிக் கையேடு எழுதினார். பெரிப்ளூஸ் என்பது அதன் பெயர். சோழமண்டலக் கரையில் கமரா, பொதுகே, சோபத்மா என்னும் மூன்று துறைகளை அவர் அடுத்தடுத்துக் கூறுகிறார். கமரா என்பது காவிரிப்பூம்பட்டினம் என்றும், சோபத்மா என்பது எயிற்பட்டினம் என்றும் அறிஞர் பலர் கருதுவர். அப்படியானால் இடையில் நின்ற பொதுகே எங்கே? பல நூற்றாண்டுகளாக அது ஏட்டில் மட்டும் வாழ்ந்த நகரமாகவே இருந்தது.

புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றின் கரையில், வீராம்பட்டினத்துக்கு அருகே ஒரு மேடு இருக்கிறது. அதற்கு அரிக்கமேடு என்று பெயர். சுக்கிரன் கதிரவனைக் கடந்து செல்லும் காட்சியைக் காண 1769-இல் புதுச்சேரியில் காத்திருந்த பிரெஞ்சு வானநூலார் லெ ழான்தி என்பவர், முகில் மறைத்ததால் அக்காட்சியைக் காணாமலே திரும்ப நேர்ந்தது. விண்ணில் தேடியதை இழந்த அவர், வீராம்பட்டினத்துப் பழஞ்சுவர்களைக் கண்டு குறித்துச் சென்றார். அக்குறிப்பு ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகள் உறங்கிற்று.

அதை எழுப்பியவர்கள் சிறுவர்கள். மழை பெய்து மண் அரித்தபின் மேட்டிலும் ஆற்றங்கரையிலும் வெளிப்படும் மணிகளை அவ்வூர்ப் பிள்ளைகள் பொறுக்கி விளையாடுவது வழக்கம். புதுச்சேரியில் வாழ்ந்த பேராசிரியர் ழுவோ துப்ரேய் அப்பிள்ளைகளிடமிருந்து அம்மணிகளை வாங்கிச் சேர்த்தார். 1937-இல் அவருக்குக் கிடைத்தவற்றுள் மனிதத் தலை செதுக்கிய கல் ஒன்று இருந்தது. பழங்காசுகளை ஆராய்ந்து பழகிய அவர், அது உரோமப் பேரரசர் அகஸ்டஸின் தலை என்று கூறினார். இங்கே ஓர் உரோம நகரமே புதைந்து கிடக்கிறது என்றும் உரைத்தார்.

1944-இல் இந்தியத் தொல்லியல் துறைத் தலைவராகப் பொறுப்பேற்ற மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்தின் பேழை ஒன்றில் உடைந்த சாடித் துண்டு ஒன்றைக் கண்டார். மதுவும் எண்ணெயும் நிரப்பி மேலைநாட்டார் கப்பலில் ஏற்றும் இரு கைப்பிடிச் சாடி அது. எங்கிருந்து வந்தது என்று வினவி அறிந்து, உடனே புதுச்சேரிக்கு விரைந்தார். அங்கே நூலகத்தில் வைத்திருந்த ஓடுகளிடையே, இத்தாலியின் அரெஸ்ஸோ நகரில் வனைந்த செந்நிற வட்டிலின் துண்டுகளையும் கண்டார். 1945-இல் அரிக்கமேட்டில் அகழ்வு தொடங்கிற்று.

அந்தச் செந்நிற ஓட்டின் பெருமை யாது? அதில் பொன் இல்லை, மணி இல்லை. ஆனால் அவ்வட்டில்களைச் செய்த குயவர் தம் பெயர் முத்திரையை அவற்றில் பதித்தனர். இன்ன காலத்தில் இவை செய்யப்பட்டன என்பது இத்தாலியில் உறுதியாகத் தெரிந்திருந்தது. கிறித்து பிறந்த காலத்தை ஒட்டிய சில பத்தாண்டுகளே அவற்றின் காலம். ஆகவே அவ்வோடு கிடந்த அதே மண்ணடுக்கில் நம் நாட்டுப் பானை எது கிடந்ததோ, அதற்கும் அக்காலமே என்பது தெளிவாயிற்று. அதுவரை தென்னாட்டுப் பழம்பொருள்களுக்கு ஆண்டுக் கணக்கு வகுக்க உறுதியான பிடிப்பு இல்லை. அரிக்கமேட்டில் கிடைத்த புள்ளிக்கோலமிட்ட நேர்த்தியான வட்டில் போன்றதே, 1947-இல் கன்னட நாட்டுப் பிரம்மகிரியில் வீலர் அகழ்ந்தபோதும் கிடைத்தது. அதைக் கொண்டு அங்கிருந்த பெருங்கற்காலக் கல்லறைகளின் காலத்தையும் அவர் கணித்தார். ஓர் ஓட்டுத் துண்டு ஒரு நாட்டின் காலக்கணக்கைத் திறந்துவைத்தது என்றால் அது மிகையன்று.

பின்னர் 1947 முதல் 1950 வரை கசால் என்பவரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி அம்மையார் குழுவினரும் அங்கே ஆராய்ந்தனர். யவனர் வணிகம் செழிப்பதற்கு முன்பே அங்கு ஊர் இருந்தது என்பதும், பின்னரும் அது நெடுங்காலம் நிலைத்திருந்தது என்பதும் விளங்கின. தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளும் கிடைத்தன. ஆகவே அது உரோமர் நகரன்று. உரோமரை வரவேற்ற நம்மவர் நகர். பெரிப்ளூஸ் கூறிய பொதுகே இதுவே என்பது இன்று பெரும்பாலோர் முடிபு.

இவ்வளவும் சொன்ன பிறகு பேரன் விடுவானா? ஒரு நாள் விடியற்காலையில் இருவரும் பேருந்தேறி விழுப்புரம் வழியாகப் புதுச்சேரி சென்று அரிக்கமேட்டை அடைந்தோம். அங்கே மரநிழலும், பாதிரிமார் காலத்துக் கட்டடம் ஒன்றின் இடிந்த சுவரும், அமைதியாக ஓடும் ஆறுமே இருந்தன. அகழ்ந்த குழிகள் மூடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆயின. பேரன் முகம் வாடிற்று. "தாத்தா, நகரம் எங்கே?" என்றான். "நம் காலடியில்" என்றேன். கொரோனாடோவின் வீரர்கள் அடைந்த ஏமாற்றத்தை அப்போது அவன் முகத்தில் கண்டேன்.

சிறிது நேரத்தில் அவன் புல்லிடையே கிடந்த ஓர் ஓட்டுத் துண்டைக் கண்டெடுத்தான். மகிழ்ச்சியுடன் சட்டைப் பையில் போடப் போனவனைத் தடுத்தேன். "இருந்த இடத்திலேயே வைத்துவிடு, தம்பி. இடத்தை விட்டு எடுத்தால் அது வாய் பேசாது" என்றேன். அவன் மனமின்றி அதனை வைத்துவிட்டு, "அந்தக் காலத்துப் பிள்ளைகள் மணிகளைக் கொண்டுபோய்ப் பெரியவர்களிடம் கொடுத்ததுபோல், உங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் யாராவது உங்களிடம் எதையாவது கொண்டுவந்து கொடுத்ததுண்டா, தாத்தா?" என்று கேட்டான்.

உண்டு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

நான் பணியேற்ற புதிதில், ஒரு சிற்றூர்ப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு வரலாறு கற்பித்துக்கொண்டிருந்தேன். அன்றைய பாடம் சிந்துவெளி நாகரிகம். கரும்பலகையில் அரப்பா, மொகஞ்சதாரோ என்று எழுதி, நிலப்படத்தில் அவற்றைச் சுட்டிக் காட்டிக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையில் அமர்ந்திருந்த மாணவன் ஒருவன் எழுந்து வந்து, மடியிலிருந்து ஒரு பொருளை எடுத்து மேசைமேல் வைத்தான். உட்புறம் கறுத்து வெளிப்புறம் சிவந்த கிண்ணத்தின் பாதி. அவன் தந்தை கிணறு வெட்டும்போது பெரிய தாழி ஒன்று உடைந்ததாம், அதனுள் கிடந்ததாம். "ஐயா, இது மாதிரி இன்னும் நிறைய இருக்கிறது" என்றான். நான் என்ன செய்தேன் தெரியுமா? "பாட வேளையில் இந்தக் குப்பையை ஏன் கொண்டுவந்தாய்? வெளியே எறிந்துவிட்டு வந்து உட்கார்" என்றேன். அவன் அப்படியே செய்தான்.

சில ஆண்டுகள் கழிந்து சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு மாணவரை அழைத்துச் சென்றேன். அங்கே கண்ணாடிப் பேழைக்குள் அதே கிண்ணம் இருந்தது. கருப்பு சிவப்புப் பாண்டம் என்று எழுதியிருந்தது. இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடைய ஈமத் தாழிகளில் காணப்படுவது. கால்கள் நிலத்தில் ஊன்றினாற்போல் நின்றுவிட்டேன். ஊர் திரும்பியதும் அக்கிணற்றடிக்குச் சென்றேன். நிலம் சமன் செய்யப்பட்டு மனைகளாகியிருந்தது. அம்மாணவனும் பள்ளிப் படிப்பை நிறுத்திக் கொத்து வேலைக்குப் போயிருந்தான். அவனைத் தேடிச் சென்று கேட்டபோது, "ஐயா, நீங்கள் எறியச் சொன்னீர்களே, மற்றவற்றையும் அப்பா பள்ளத்தில் போட்டு மூடிவிட்டார்" என்றான். அவன் குரலில் குறை ஏதுமில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வடமேற்கே ஆயிரம் கல் தொலைவிலிருந்த நகரைக் கோலால் சுட்டிக்கொண்டே, மேசைமேல் வந்து அமர்ந்த வரலாற்றை வெளியே எறியச் சொன்னவன் நான்.

எங்கள் வட்டாரம் சாமானியமானதன்று. முகையூருக்கு அணித்தே உள்ள திருக்கோவலூர் மலையமான் திருமுடிக்காரியின் ஊர். அதன் அருகே சம்பை என்னும் சிற்றூரின் குன்றிலுள்ள குகையில் 1981-இல் ஒரு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுக் கண்டறியப்பட்டது. அதியமான் நெடுமான் அஞ்சி அவ்விடத்தை உறையுளாக அளித்ததை அது கூறுகிறது. அவனைச் சத்தியபுத்திரர் குலத்தவன் என்றும் குறிக்கிறது. அசோகரின் சாசனங்கள் சேர சோழ பாண்டியரோடு சேர்த்துக் கூறும் சத்தியபுத்திரர் யார் என்று அறிஞர் நெடுங்காலம் வாதிட்டு வந்தனர். அவ்வினாவுக்குரிய விடை எங்கள் ஆட்டிடையர் அறிந்த பாறை ஒன்றில் ஈராயிரம் ஆண்டுகளாகக் காத்திருந்தது.

ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கும் பெற்றோர்க்கும் நான் கூற விரும்புவது இதுவே. பிள்ளைகள் சித்திரத் தொடர் பார்க்கட்டும். பொன்னகரங்களைத் தேடி மனத்தால் பறக்கட்டும். தேடும் வேட்கை நல்லது. ஆனால் அவர்கள் ஓர் ஓட்டையோ, மணியையோ, எழுத்துள்ள கல்லையோ கண்டதாக வந்து சொன்னால், எழுந்து அவர்களோடு சென்று அந்த இடத்தைப் பாருங்கள். எதையும் தோண்டாதீர்கள், பெயர்க்காதீர்கள். கிராம நிர்வாக அலுவலர்க்கோ வட்டாட்சியர்க்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவியுங்கள். புதையல் பற்றிய 1878-ஆம் ஆண்டுச் சட்டம், மண்ணுள் மறைந்து கிடந்த மதிப்புள்ள பொருளைக் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்று விதிக்கிறது. சட்டத்துக்காக மட்டுமன்று, அந்தப் பிள்ளை மறுமுறையும் உங்களிடம் வரவேண்டும் என்பதற்காகவும் அதைச் செய்யுங்கள்.

அன்று மாலை பேருந்தில் திரும்பும்போது என் பேரன் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. விழுப்புரம் தாண்டியபின், "அந்த அண்ணன் வீட்டுக் கிணறு எங்கே இருந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கிறதா, தாத்தா?" என்று கேட்டான். நினைவிருக்கிறது என்றேன். வீட்டுக்கு வந்ததும் விளக்கடியில் அமர்ந்து, பழைய குறிப்பேட்டுத் தாள் ஒன்றில் அவ்வூரின் தெருக்களையும் ஏரிக்கரையையும் கிணற்றையும் எனக்கு நினைவு வந்த வரையில் வரைந்து கொடுத்தேன். அதன் படி ஒன்றைத் தொல்லியல் துறைக்கும் அனுப்பியிருக்கிறேன்.