காணிப் பேச்சும் கைக்கணினியும்

காணியை விற்பவரும் வாங்குபவரும் ஓரிடத்திற் கூடியிருந்து பேசும்பொழுது, அவர்கள் நடுவே ஏதேனும் ஒரு சாதனம் இருப்பது நெடுநாள் வழக்கம். ஒரு காலத்தில் அது ஓலையாக இருந்தது. பின்பு தோம்பேடு வந்தது. அதன்பின் நொத்தாரிசு எழுதிய உறுதியும், அளவையாளர் வரைந்த படமும் வந்தன. இக்காலத்திலே தரகர் தம் பையிலிருந்து எடுத்து வைப்பது டப்லெட் எனப்படும் கைக்கணினி. இவ்வரிசையை ஆராயுமிடத்து, காணியைக் காட்டுவது வேறு, காணிக்குரிய உரித்தைக் காட்டுவது வேறு என்பது தெளிவாகும்.

ஒல்லாந்தர் ஆட்சியில், யாழ்ப்பாணத்துத் திசாவையாகிய கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் 1707ஆம் ஆண்டிலே தேசவழமையைத் தொகுத்தளித்தார். காணியை விற்க எண்ணுவோர் தம் எண்ணத்தை உரிமைக்காரருக்கும், பங்காளிகளுக்கும், அக்காணியை ஈடாகப் பெற்ற அயற்காணிக்காரருக்கும் முற்கூட்டியே அறிவித்தல் வேண்டுமென்பது அதிற் கண்ட வழக்கம். அவ்வறிவித்தல் தேவாலயத்திலே அடுத்தடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகளிற் பகிரங்கப்படுத்தப்பட்டது. ஆகவே காணி விற்பனை இருவர்க்கிடையிலான மறைபொருளாக இருக்கவில்லை, ஊரறிய நடந்தது. மாற்றுரிமை கோருவோர் முன்வருவதற்குக் கால அவகாசமும் இருந்தது. போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் விரிவாக எழுதுவித்த தோம்புகளோ, எவருக்கு எவ்வளவு காணி, அதற்குரிய இறை யாது என்பவற்றைப் பதிந்து வைத்தன.

பிரித்தானியர் ஆட்சியில், 1800ஆம் ஆண்டு தேசாதிபதி நோர்த் காலத்தில் நில அளவைத் திணைக்களம் நிறுவப்பட்டது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், காணி விற்பனை எழுத்திலமைந்து, நொத்தாரிசு ஒருவர் முன்னிலையிலும் குறைந்தது இரு சாட்சிகள் முன்னிலையிலும் ஒப்பமிடப்படல் வேண்டுமென விதித்தது. மோசடித் தடுப்பு என்னும் அதன் பெயரே அதன் நோக்கத்தைக் கூறும். பின்னர் 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், முறையாகப் பதியப்பட்ட உறுதிக்குப் பதியப்படாத உறுதியிலும் முதன்மை அளித்தது. ஒரே காணியை இருவருக்கு விற்கும் வஞ்சகத்துக்கு அது ஒரு தடையாயிற்று.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2007ஆம் ஆண்டில் ஐபோனும், 2010ஆம் ஆண்டில் 9.7 அங்குலத் திரையுடைய ஐபாடும் சந்தைக்கு வந்தன. அதுவரை மடித்த படமும் சில புகைப்படங்களும் கொண்டு காணி காட்டிய தரகர், செய்மதி எடுத்த படத்தைத் திரையில் விரித்து, விரலாற் பெருப்பித்துக் காட்டத் தொடங்கினார். பாதையின் அகலம், பள்ளிக்கூடத்தின் தூரம், கடன் தவணைக் கணக்கு யாவும் இருந்த இடத்திலேயே தெரிகின்றன. கடல் கடந்து வாழும் மகன், முற்றத்தில் நிற்கும் தகப்பனாரின் கையடக்கத் தொலைபேசி வழியாகக் கிணற்றையும் வேலியையும் பார்க்கின்றான். இது சிறிய உதவியன்று.

ஆயினும் இக்கருவியின் எல்லையையும் நாம் அறிதல் வேண்டும். திறந்த வெளியிலே கையடக்கத் தொலைபேசி காட்டும் இடக்குறிப்பு ஏறக்குறைய 5 மீற்றர் பிசகக்கூடும். ஒரு பரப்பு என்பது 10 பேர்ச். சதுரமான ஒரு பரப்புக் காணியின் பக்கம் ஏறத்தாழ 16 மீற்றர். ஆகவே அப்பிசகு ஒரு பக்கத்தின் மூன்றிலொரு பங்கு வரை செல்லும். வேலிச் சண்டை ஓரடி நிலத்துக்கே மூளும் நாட்டில் இது அற்பமன்று. மேலும், செய்மதிப் படம் மதிலைக் காட்டும், மதிலுக்குரியவரைக் காட்டாது. கிணற்றுப் பங்கும், வழிவாய்க்கால் உரிமையும், தீர்க்கப்படாத ஈடும், ஒப்பமிடாத உடன்பிறந்தாரும் எந்தத் திரையிலும் தோன்றுவதில்லை.

சட்டமும் இவ்வேறுபாட்டை உணர்ந்தே நடந்தது. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் மின்வழி ஆவணங்களை ஏற்றுக்கொண்டபோதிலும், காணி விற்பனை ஒப்பந்தத்தையும் அற்றோணித் தத்துவத்தையும் தன் வரம்புக்குப் புறத்தே நிறுத்திற்று. தேசவழமைக்குட்பட்ட காணிகளிற் பங்காளிகளுக்கும் வாரிசுகளுக்குமுரிய முன்வாங்கும் உரிமையை 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் பேணுகின்றது. கண்ணாடித் திரையில் விரலாற் கீறிய ஒப்பம் இவற்றுக்கு ஈடாகாது.

மூன்று ஞாயிறு காத்திருந்த பழைய முறையிலே தாமதமே காவலாக நின்றது. கைக்கணினி அத்தாமதத்தை நீக்கி, ஒரு மாலைப்பொழுதிலேயே முற்பணம் கொடுக்கும் ஆவலைத் தூண்டுகின்றது. வெளிநாட்டிலே பல்லாண்டு உழைத்துச் சேர்த்த பணம் அவ்வொரு மாலையிற் கைமாறிவிடக்கூடும். ஆதலின், காணியைத் தேர்வதற்குத் திரையைப் பயன்படுத்துவோமாக. தேர்ந்தபின் திரையை மூடிவிட்டு, உறுதியின் இலக்கத்தைக் கேட்டுக் காணிப் பதிவகத்திலே தேடுவித்து, அளவையாளருடன் எல்லைகளை நடந்து பார்த்து, அயலாரையும் விசாரிப்போமாக. நம் முன்னோர் ஊரைக் கேட்டுக் காணி வாங்கினர். அவ்வழக்கத்தைக் கைவிடுவதற்கு இப்புதிய கருவி ஒரு காரணமாகாது.