இராமநாதபுரம் கடற்கரையில் சலவைத் தூள்

இராமநாதபுரம், இராமேசுவரம் கடலோர ஊர்களில் கட்டி சோப்பின் இடத்தைச் சலவைத் தூள் பிடித்ததற்கு விலையுடன் நிலத்தடி நீரும் ஒரு காரணமாகும்.

முன்பு சலவைத் தொழிலாளர் உவர்மண் கரைசலில் துணியை முக்கி, வெள்ளாவி வைத்து வெளுத்தனர். பின்னர் 501, சன்லைட் போன்ற கட்டி சோப்புகள் பரவின. ஆனால் இப்பகுதியின் பல கிணறுகளில் நீர் உவர்ப்பானது, கடினமானது. அதிலுள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகள் சோப்புடன் சேர்ந்து துணியில் படிவாக ஒட்டும், நுரை எழாது. சலவைத் தூள் கடின நீரிலும் நுரைக்கும்.

1959-இல் இந்துஸ்தான் லீவர் ‘சர்ப்’ தூளை இந்தியாவில் அறிமுகப்படுத்தியது. அதன் விலை எளிய குடும்பங்களுக்கு எட்டவில்லை. 1969-இல் அகமதாபாத்தில் கர்சன்பாய் பட்டேல் தொடங்கிய ‘நிர்மா’, மிகக் குறைந்த விலையால் நாடெங்கும் பரவியது. அதற்குப் போட்டியாக 1980-களில் லீவர் ‘வீல்’ தூளை இறக்கியது. 1988-இல் பாம்பன் சாலைப் பாலம் திறக்கப்பட்டபின், லாரிகள் இராமேசுவரம் தீவின் கடைகளுக்கே நேராகச் சரக்கு கொண்டுவந்தன. சிறு பொட்டலங்கள் அன்றாடக் கூலி பெறுவோருக்கும் தூளை எட்டச் செய்தன.

இம்மாவட்டத்தில் ஊருணி நீரைக் குடிக்கும் சிற்றூர்கள் பல. அங்கே சலவை நீர் ஊருணியில் கலவாமல் காப்பது, பொட்டலத்தின் விலையில் சேராத செலவாகும்.