தாய்ப் பூனையின் வாய்

ஓரிடத்தில் நிலைகொள்ளாமல் அங்குமிங்கும் அலைகிற ஆளைப் பார்த்து "குட்டி போட்ட பூனை மாதிரி அலையறான் பாரு" என்று சொல்வது தமிழ்நாட்டில் எல்லா ஊரிலும் உண்டு. பூனை தன் குட்டிகளை ஏழு வீடு மாற்றும் என்றும் சொல்வார்கள். ஏழு என்ற கணக்கைப் பூனை வைத்துக்கொள்வதில்லை. ஆனால் இடம் மாற்றுவது உண்மைதான். ஈன்ற இடத்தில் சேரும் வாடை நாயையும் கடுவன் பூனையையும் இழுத்து வந்துவிடும். அதனால் வைக்கோல் போரிலிருந்து பரணுக்கும், பரணிலிருந்து பக்கத்து வீட்டு மாட்டுக் கொட்டகைக்கும் ஒவ்வொரு குட்டியாக வாயில் கவ்விக்கொண்டு போகும்.

பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற விருத்தாசலத்தை ஒட்டிய கம்மாபுரம் பக்கத்துக் கிராமங்களில் இந்தக் காட்சியைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். வாயில் தொங்கும் இந்தக் குட்டியை வைத்துத் தமிழ்நாட்டில் ஒரு பெரிய தத்துவச் சண்டையே நடந்திருக்கிறது. அதற்கு முன்னால் கொஞ்சம் பழைய கதை.

தொல்காப்பியத்தின் மரபியல் எந்த விலங்கின் இளமையை எந்தப் பெயரால் அழைக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. அதில் கீரி, எலி, அணில் ஆகியவற்றோடு வெருகுக்கும் 'குட்டி' என்ற பெயர் உரியது. 'பறழ்' என்று சொன்னாலும் தவறில்லை. வெருகு என்பது காட்டுப் பூனை. குறுந்தொகையின் 107-ஆம் பாட்டில், காதலனோடு உறங்கியவளை விடியலில் கூவி எழுப்பிவிட்ட சேவலுக்கு ஒரு சாபம் கிடைக்கிறது. நீ வெருகுக் குட்டிக்கு இரையாகிச் சாக வேண்டும் என்பதுதான் அது! அலாரத்தைத் தூக்கி எறிகிற கோபம் அப்போதே இருந்திருக்கிறது. ஆக, சங்க காலத்தில் பூனைக் குட்டி என்றால் கோழிக்கு எமன்.

அதே குட்டி சில நூற்றாண்டுகள் கழித்துக் கடவுளிடம் சரணடைந்த உயிருக்கு உவமையாகிவிட்டது. கம்மாபுரம் இருக்கும் கடலூர் மாவட்டத்தில்தான் காட்டுமன்னார்கோயிலும் இருக்கிறது. அதன் பழைய பெயர் வீரநாராயணபுரம். ஆழ்வார் பாசுரங்களைத் தொகுத்த நாதமுனிகளும் அவருடைய பேரன் ஆளவந்தாரும் பிறந்த ஊர் என்று வைணவ மரபு சொல்கிறது. அவர்கள் வழியில் இராமானுசர் வந்தார். இராமானுசருக்குப் பிறகு வந்த ஆசாரியர்களிடையே ஒரு கேள்வி எழுந்தது. உயிரைக் கடவுள் காப்பாற்றும்போது அந்த உயிர் ஏதாவது செய்ய வேண்டுமா, வேண்டாமா?

வேதாந்த தேசிகரைப் பின்பற்றிய வடகலையார், உயிரின் பங்கும் கொஞ்சம் வேண்டும் என்றார்கள். குரங்குக் குட்டி தாயின் வயிற்றைத் தானாகப் பிடித்துக்கொள்ள வேண்டுமல்லவா, அது போல. இதற்கு மர்க்கட நியாயம் என்று பெயர். பிள்ளை லோகாசாரியரைப் பின்பற்றிய தென்கலையார், எதுவும் செய்ய வேண்டாம் என்றார்கள். பூனைக் குட்டி என்ன செய்கிறது? தாயே கவ்விக்கொண்டு போகிறது. இது மார்ஜார நியாயம். இந்த இரு கலைகளின் பிணக்கு பின்னாளில் நெற்றி நாமத்தின் வடிவம் வரைக்கும் போனது. காஞ்சிபுரம் வரதராசர் கோயிலில் பிரபந்தம் ஓதும் உரிமை தொடர்பான வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றம் வரை ஏறின. அந்த வழக்குகள் பூனையைப் பற்றியவை அல்ல, உரிமையைப் பற்றியவை. ஆனாலும் இரு தரப்பையும் சாதாரண மக்கள் நினைவில் வைத்துக்கொள்ள உதவியது குரங்கும் பூனையும்தான்.

சரி, நிஜக் குட்டி எப்படி இருக்கிறது? பிறக்கும்போது சுமார் 100 கிராம் எடை. கண் மூடியிருக்கும், காதும் மூடியிருக்கும். கண் திறக்க 7 முதல் 14 நாள் ஆகும். முதல் வாரத்தில் குளிரில் நடுங்கிச் சூடு உண்டாக்கிக்கொள்ளக்கூட அதற்குத் தெரியாது. தானாகச் சிறுநீர் கழிக்க முடியாது, தாய் நக்கிவிட வேண்டும். பனிக்குடத்தைக் கிழிப்பதும் தொப்புள் கொடியைக் கடிப்பதும் மூச்சு வரும்படி நக்கி உலர்த்துவதும் தாயின் வாய்தான். நோய் எதிர்ப்புச் சக்தியும் பெரும்பாலும் முதல் ஒரு நாளுக்குள் குடிக்கும் சீம்பாலில்தான் கிடைக்கிறது. தென்கலையார் சும்மா சொல்லவில்லை!

ஆனால் வடகலையாருக்கும் ஒரு சின்ன ஆறுதல் இருக்கிறது. 2013-ல் ஜப்பானிய ஆய்வாளர் குமி குரோடாவின் குழு, தாய் தூக்கிச் செல்லும்போது குட்டிகள் ஏன் அடங்கிவிடுகின்றன என்று சுண்டெலிகளிடம் ஆராய்ந்தது. குட்டி சும்மா தொங்கவில்லை, உடலைச் சுருட்டி, துடிப்பை அடக்கி ஒத்துழைக்கிறது. அந்த உணர்வைத் தடுத்துவிட்டால் குட்டி திமிறுகிறது, தாய் அதைத் தூக்கிச் செல்லத் திணறுகிறது. பூனைக் குட்டியும் பிடரியில் பிடித்தால் இப்படித்தான் சுருண்டு அடங்குகிறது. ஆக, அசையாமல் இருப்பதும் ஒரு வேலைதான். (வளர்ந்த பூனையை இப்படித் தூக்கக் கூடாது. அதன் முழு எடையும் பிடரித் தோலில் தொங்கும்.)

தாயின் வாய் இல்லாமல் போனால் மனிதர் அந்த இடத்துக்கு வர வேண்டியிருக்கிறது. தனியாகக் கிடக்கும் குட்டியைப் பார்த்ததும் தூக்கி வந்துவிடுவது பலர் செய்யும் அவசரம். தாய் இரை தேடப் போயிருக்கலாம், அல்லது மற்ற குட்டிகளை இடம் மாற்றிக்கொண்டிருக்கலாம். குட்டி சூடாகவும் அமைதியாகவும் இருந்தால் சில மணி நேரம் தள்ளி நின்று பார்ப்பதே நல்லது. தாய் வரவே இல்லை என்றால் முதலில் தர வேண்டியது பால் அல்ல, சூடு. குளிர்ந்து போன குட்டிக்கு ஊட்டிய பால் செரிக்காது, மூச்சுக்குழலுக்குள்ளும் போய்விடலாம். துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டிலை ஒரு பக்கம் வைத்து, அதிகம் சுட்டால் குட்டி விலகிப் போக மறுபக்கம் இடம் விட வேண்டும். பிறகுதான் பால். நம் வீடுகளில் பசும்பாலில் தண்ணீர் கலந்து இங்க் பில்லரால் ஊற்றுவார்கள். அன்பான செயல்தான், ஆனால் பல குட்டிகள் சாவது இதனால்தான். பூனைப் பாலில் இருக்கும் புரதத்தில் பாதிகூடப் பசும்பாலில் இல்லை. தண்ணீர் கலந்தால் அதுவும் போச்சு, கூடவே பேதி. பூனைக் குட்டிக்கென்று விற்கும் பால் மாவை, குட்டியைக் குப்புற வைத்து (மனிதக் குழந்தையைப் போல மல்லாக்கப் போட்டு அல்ல) 2 அல்லது 3 மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும், கொடுக்க வேண்டும். கொடுத்ததும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றின் கீழே மெல்லத் தடவிவிட வேண்டும். ஒரு வாய் செய்த வேலைக்கு இத்தனை சாமான்!

அந்த வாயையே கெடுத்த கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. 1871-ல் லண்டன் கிறிஸ்டல் பேலஸில் ஹாரிசன் வியர் என்ற ஓவியர் ஒரு பெரிய பூனைக் கண்காட்சி நடத்தினார். மக்கள் பூனையை மதிக்க வேண்டும் என்பது அவர் நோக்கம். 1887-ல் தேசியப் பூனைச் சங்கம் உருவாகி, அவரே தலைவரானார். சில ஆண்டுகளிலேயே விலகிவிட்டார். உறுப்பினர்களுக்குப் பூனையின் நலத்தை விடப் பதக்கமே பெரிதாகிவிட்டது என்பது அவர் மனக்குறை. அவர் பயந்தது நடந்தது. பாரசீகப் பூனையின் முகத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தட்டையாக்கினார்கள். மூச்சுத் திணறல், கண்ணில் ஓயாத நீர், பெரிய தலை காரணமாகக் கடினமான பிரசவம். தாடையே சுருங்கிப் போன தாய் பனிக்குடத்தைக் கிழிக்கவும் கொடியைக் கடிக்கவும் திணறும். 1961-ல் ஸ்காட்லாந்துப் பண்ணை ஒன்றில் காது மடிந்த சூசி என்ற பூனை கண்டெடுக்கப்பட்டது. அதன் வழியில் வந்ததுதான் ஸ்காட்டிஷ் ஃபோல்டு. காதை மடக்கிய அதே குறைபாடு மூட்டுகளின் குருத்தெலும்பையும் கெடுத்து வலி தருகிறது. அழகாக இருக்கிறது என்று படம் எடுத்துப் போடுகிறவர்களுக்கு அந்த வலி தெரிவதில்லை.

எல்லா இன வளர்ப்பும் இப்படி என்று சொல்லிவிட முடியாது. 1984-ல் பாவ்லோ பெல்லகட்டா என்ற இத்தாலியக் கால்நடை மருத்துவர் இலங்கையில் சாதாரணமாகத் திரிந்த பூனைகள் சிலவற்றை இத்தாலிக்குக் கொண்டுபோய் 'சிலோன்' என்ற இனமாக வளர்த்தார். முகத்தை நசுக்கவில்லை, காதை மடக்கவில்லை. தெருப் பூனையின் உடலே அங்கே இனத்தின் இலக்கணமானது. இங்கே பாரசீகக் குட்டிக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பவர், தன் தெருவில் இருப்பதை ஏற இறங்கக்கூடப் பார்ப்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? இந்தியாவில் இதற்கு அடிக்கல் வைத்தவர் மதுரையில் பிறந்த ஒரு தமிழ்ப் பெண். ருக்மிணி தேவி அருண்டேலைப் பலருக்கும் பரதநாட்டியத்தால்தான் தெரியும். மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது 1953-ல் விலங்கு வதைத் தடுப்புக்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு சொன்ன பிறகு அதைத் திரும்பப் பெற்றார். 1960-ல் சட்டம் வந்தது. 1962-ல் விலங்கு நல வாரியம் அமைந்தபோது அவரே முதல் தலைவர். வாரியத்தின் தலைமையகம் 2018 வரை சென்னையில்தான் இருந்தது.

அந்தச் சட்டத்தின் கீழ் 2017-ல் நாய் இனப்பெருக்க விதிகள் வந்தன. 18 மாதம் ஆகாத பெண் நாயை இனப்பெருக்கத்துக்கு விடக் கூடாது, 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. பூனைக்கு இப்படித் தனி விதி எதுவும் வரவில்லை. 2018-ன் செல்லப் பிராணிக் கடை விதிகள் கடையைப் பற்றிப் பேசுகின்றன. கடைக்கு வரும் முன் தாய்ப் பூனை எத்தனை முறை ஈன்றது என்பதை யாரும் கேட்பதில்லை. பெண் பூனை நாலைந்து மாதத்திலேயே சினைக்கு வந்துவிடும், சினைக்காலம் இரண்டு மாதத்துக்குச் சற்று அதிகம், பால் கொடுக்கும்போதே அடுத்த சினையும் பிடிக்கலாம். காசுக்காக ஈன வைப்பவரின் வீட்டில் அதற்கு ஓய்வு தருவதா வேண்டாமா என்பது முழுக்க முழுக்க அவர் விருப்பம்.