மணிக்கு வந்த வலிப்பும் ஒரு தடுப்பூசியின் கதையும்

ராத்திரி ரெண்டு மணிக்கு எங்க மணிக்குத் திடீர்னு வலிப்பு. எதையோ மெல்லுற மாதிரி தாடை ஆடுது, வாயெல்லாம் நுரை. "டிஸ்டெம்பர், மூளையைப் பிடிச்சிடுச்சு. வைரஸுக்கு மருந்து கிடையாது, வலிப்புக்குத்தான் மாத்திரை" என்றார் டாக்டர். தூக்கம் வராமல் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து படித்ததுதான் இது.

பெரியம்மைத் தடுப்பூசி தந்த ஜென்னர் 1809-லேயே இந்த நோயைப் பற்றி எழுதியிருக்கிறார். காரணம் ஒரு வைரஸ் என்று 1905-ல் பிரான்சின் ஆன்ரி கார்ரே சொன்னபோது பலர் நம்பவில்லை. 1923-ல் 'தி ஃபீல்ட்' என்ற இங்கிலாந்துப் பத்திரிகை, நாய் வளர்ப்பவர்களிடம் நிதி திரட்டியது. (நம்ம ஊர் உண்டியல் மாதிரி!) அந்தக் காசில் லண்டன் மில் ஹில்லில் லெய்ட்லாவும் டங்கினும் ஆராய்ந்தார்கள். நாய்களை வைத்துச் சோதிப்பதில் ஒரு சிக்கல்: எதற்கு ஏற்கெனவே நோய் வந்து போயிருக்கு என்றே தெரியாது. கீரி போலிருக்கும் ஃபெரெட்டுக்கு இது சுலபமாகத் தொற்றும் என்று கண்டுபிடித்தார்கள். 1920-களின் கடைசியில் தடுப்பூசி ரெடி. 1933-ல் லெய்ட்லாவும் இன்னும் இருவரும் ஃபுளூ நோயாளியின் தொண்டை நீரை ஃபெரெட் மூக்கில் விட, மனித ஃபுளூ வைரஸ் முதன்முதலாகச் சிக்கியது. நாய்க்காகப் போட்ட காசு!

அந்த ஊசியைத்தான் 'ரிலீஸ் முடியட்டும்' என்று ரெண்டு மாசம் தள்ளிப்போட்டேன்.

மணி பிழைத்துவிட்டான். இடது முன்னங்கால் மட்டும் தூக்கத்தில்கூடத் துடிக்கிறது.