மலைமேல் ஒரு நூலகமும் அதன் அன்றாடப் பாடும்

என்னய்யா இது, இன்ஜினீயர் ஒருத்தன் நூலகத்தைப் பற்றி எழுத வந்துட்டானே என்று நண்பர்கள் நினைக்க வேண்டாம். ஸ்டோன் ஹவுஸ் குன்றில் இயற்பியல் படித்து, பிறகு பி.இ. முடித்து, இன்று கட்டடங்களின் நீர்க்கசிவைத் தடுக்கும் தொழிலில் இருப்பவன் நான். மழையும் சுவரும்தான் என் பிழைப்பு. அந்தக் கண்ணோடு நம்மூர் நீலகிரி நூலகத்தின் வரலாற்றைப் பார்த்தால், சுற்றுலாக் கையேடுகள் சொல்லாத ஒரு கதை தென்படுகிறது. அதை இந்த மலரில் பகிர்ந்துகொள்வதில் மகிழ்ச்சி.

முதலில் ஊரறிந்த வரலாறு. 1819-இல் கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் இம்மலைக்கு வந்தார். பிறகு அவர் எழுப்பிய ஸ்டோன் ஹவுஸ் இருக்கும் குன்றில்தான் 1955-இல் நம் அரசு கலைக் கல்லூரி பிறந்தது. சல்லிவன் வந்து நாற்பது ஆண்டு கழித்து, 1859-இல் நீலகிரி நூலகம் தொடங்கப்பட்டது. உறுப்பினர் சந்தா கட்டிப் படிக்கும் நூலகம் அது. இன்றுள்ள கட்டடம் 1867-க்கும் 1869-க்கும் இடையில் எழுந்தது. வரைந்தவர் ராபர்ட் சிஷோம். சென்னை மாநிலக் கல்லூரியையும் பல்கலைக்கழக செனட் மண்டபத்தையும் வடிவமைத்தவரும் இவரே!

சரி, கட்டடம் எழுந்துவிட்டால் நூலகம் நடந்துவிடுமா? நூலகம் என்பது தினமும் நடக்க வேண்டிய காரியம். காலையில் கதவு திறக்க வேண்டும். பேப்பர் வந்திருக்க வேண்டும். கொடுத்த புத்தகத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும், வந்த புத்தகத்தை அதன் இடத்தில் வைக்க வேண்டும். இதில் ஒன்று தடைபட்டாலும் வாசகன் வெறுங்கையோடு திரும்புவான். மலைமேல் இந்தத் தடைகள் நான்கு வழியாக வரும்: பாதை, வெளிச்சம், ஈரம், மனிதர்.

பாதையை முதலில் பார்ப்போம். நூலகம் தொடங்கிய 1859-இல் மேட்டுப்பாளையத்துக்கே ரயில் கிடையாது. அது வந்தது 1873-இல். சூயஸ் கால்வாய் திறந்ததும் நூலகக் கட்டடம் முடிந்த அதே 1869-இல்தான். அதற்கு முன் லண்டனில் அச்சான ஒரு புத்தகம் ஊட்டி அலமாரியில் ஏறுவது என்றால் சும்மாவா? கடல் கடந்து, சமவெளி கடந்து, கடைசியில் மாட்டுவண்டியில் மலைப்பாதை ஏற வேண்டும். மலை ரயில் 1899-இல் குன்னூரைத் தொட்டது. உதகையை அடைய 1908 ஆயிற்று.

இன்று லாரியும் பஸ்ஸும் உண்டு. ஆனால் மலை மாறவில்லையே! 1993 நவம்பரில் மரப்பாலம் அருகே மண் சரிந்தது. 2009 நவம்பரில் மாவட்டம் முழுக்கச் சரிவுகள், நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. பாதை அடைபட்டால் கீழிருந்து வரும் பேப்பரும் தபாலும் நின்றுபோகும். சமவெளி நூலகருக்கு இந்தக் கவலை இல்லை.

அடுத்தது வெளிச்சம். பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இல்தான் இயங்கத் தொடங்கியது. அதற்கு முந்தைய காலத்து வாசகசாலைக்குச் சூரியனே விளக்கு. மேகம் இறங்கினால் பகலிலேயே எழுத்து மங்கும். ஆகவே பெரிய பெரிய ஜன்னல்களை வெறும் அலங்காரம் என்று எண்ணிவிடாதீர்கள். அவை அன்றைய டியூப்லைட்!

மூன்றாவது ஈரம். இதுதான் என் துறை, ஆகவே கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். காகிதம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும், காற்று காய்ந்தால் விட்டுவிடும். காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் வரை இருந்தால் புத்தகத்துக்கு சுகம். அது 65-ஐத் தாண்டிப் பல நாள் நின்றால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். பின்னாலேயே இராமபாணப் பூச்சியும் வந்து பசையையும் தாளையும் தின்னும். ஊட்டியிலோ தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. வெயில் காலத்தில்கூட மேகம் வீட்டுக்குள் வந்து எட்டிப் பார்க்கும் ஊர் இது.

இன்னொன்றும் கவனியுங்கள். இரவில் வெளிச்சுவர் சில்லிட்டுப் போகும். பகலில் அறையில் உள்ள ஈரக்காற்று அந்தச் சுவரில் பட்டுத் துளித்துளியாய் வியர்க்கும். கூரை ஒழுகவே வேண்டாம், சுவரே நனையும். சுவரோடு ஒட்டி அலமாரி வைத்தால் பின்வரிசைப் புத்தகங்கள் யாருக்கும் தெரியாமல் அழுகும். மலைமேல் எந்த நூலகமானாலும் அலமாரிக்கும் வெளிச்சுவருக்கும் இடையில் ஒரு சாண் இடம் விட வேண்டும். வெயில் அடித்தால் ஜன்னலைத் திற, சாரல் வந்தால் மூடு. கேட்பதற்குச் சின்ன வேலை. ஆனால் 365 நாளும் ஒருவர் செய்ய வேண்டும்.

நான்காவது மனிதர். 1870 முதல் சென்னை அரசாங்கம் கோடைதோறும் உதகைக்கு இடம் பெயர்ந்தது. சீசனில் ஊர் நிறையும், மழையில் காலியாகும். வாசகர் குறைந்தால் நூலகம் மெலியும். எல்லாருக்குமான பொது நூலகத்துக்குச் சட்டம் வந்ததோ 1948-இல், சென்னை மாகாணத்தில். சுதந்திர இந்தியாவில் அதுவே முதல் நூலகச் சட்டம். அதற்குப் பின்னால் நின்றவர் சீர்காழியில் பிறந்த, கணித ஆசிரியராக இருந்து நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன். நூலகத்தை வளரும் உயிராகக் கண்டவர் அவர். உயிர் என்றால் மூச்சு விட வேண்டுமல்லவா? 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது நாடெங்கும் நூலகங்கள் பூட்டப்பட்டன. பூட்டிய அறையில் காற்று ஓடாது. ஈரமலையில் அது வாசகருக்கு மட்டும் வந்த கஷ்டம் அல்ல, புத்தகத்துக்கும்தான்.

"பழைய இங்கிலீஷ் புத்தகம் போனால் நமக்கென்னப்பா?" என்று மாணவத் தம்பி, தங்கைகள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். பாசல் மிஷன் பாதிரியார் மெட்ஸ் 1850-களில் இம்மலை மக்களைப் பற்றி எழுதினார். பிரீக்ஸ் எழுதிய பழங்குடிகள், நினைவுச் சின்னங்கள் பற்றிய நூல் 1873-இல் வெளிவந்தது. தோடர்களைப் பற்றி ரிவர்ஸ் எழுதியது 1906-இல். பிரான்சிஸின் நீலகிரி கெஜட்டியர் 1908. எழுதியவர்கள் வெளியார், அவர்கள் பார்வையில் கோணல் உண்டு. இருந்தாலும் படகர், தோடர், கோத்தர் பாட்டன் பூட்டன் காலத்து ஊர்ப் பெயர்களும் சடங்குகளும் அவற்றில்தான் பதிவாகியுள்ளன. திருத்தி எழுத வேண்டுமானாலும் மூலப் பிரதி கையில் இருக்க வேண்டாமா?

1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. உலகத் தமிழர் நெஞ்சே எரிந்தது. தீ வைத்தால் செய்தியாகும், கண்ணீர் வரும். ஈரம் அப்படியல்ல. அது பத்து வருஷம் எடுத்து அதே வேலையைச் செய்யும், ஒருவரும் அழமாட்டார்கள். ஈரத்தில் போன நூலுக்கு நினைவு நாளும் கிடையாது.

ஆகவே முன்னாள் மாணவர்களுக்கும் இன்றைய மாணவர்களுக்கும் என் வேண்டுகோள் சிறியது. நீலகிரி நூலகமோ, மாவட்ட மைய நூலகமோ, நம் கல்லூரி நூலகமோ, ஏதாவது ஒன்றில் உறுப்பினராகி மாதம் ஒரு புத்தகமாவது எடுங்கள். எடுத்துப் புரட்டப்படும் புத்தகத்துக்குப் பூஞ்சணம் எளிதில் வராது. ஈரமானி ஒன்றின் விலை சில நூறு ரூபாய்தான். முன்னாள் மாணவர் சங்கம் அலமாரிக்கு ஒன்று வாங்கித் தரலாம். இயற்பியல் துறைத் தம்பிகள் காலையும் மாலையும் அளவைக் குறித்து ஒரு நோட்டில் எழுதி வரலாம். ஒரு வருடக் கணக்கு கையில் இருந்தால், எந்த மாதம், எந்தச் சுவர், எந்த அலமாரி ஆபத்தில் உள்ளது என்று யாரும் சொல்லிவிடலாம்.

1859-இல் தொடங்கிய நூலகம் இத்தனை மழையைத் தாண்டி நிற்பது சிஷோமின் கல்லால் மட்டும் அல்ல. பெயர் தெரியாத எத்தனையோ ஊழியர்கள் தினமும் ஜன்னலைத் திறந்தார்கள், மூடினார்கள், தூசி தட்டினார்கள். அடுத்த சந்திப்புக்குள் அந்த வரிசையில் நம் பிள்ளைகள் சிலரும் சேர்ந்தால், இந்த மலர் அச்சான காகிதத்துக்கும் ஒரு அர்த்தம் கிடைக்கும்.